லாரிப் புகைக்கு விலை கொடுப்பவர் யார்?

திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குச் செல்லும் 183-ஆம் எண் தேசீய நெடுஞ்சாலையில், கொடைக்கானல் மலைப்பாதை பிரியும் காட்ரோட்டுக்கு அருகே இருப்பது தேவதானப்பட்டி. மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோவிலாலும், மஞ்சளாறு அணையாலும், மாந்தோப்புகளாலும் பெயர் பெற்ற ஊர். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையும், சின்னமனூர் வாழையும், போடி ஏலமும் திண்டுக்கல் பக்கம் போகவேண்டுமானால் இவ்வழியேதான் போகவேண்டும். மதுரை–போடி அகல ரயில்பாதை 2022-ல் தேனி வரையிலும், 2023-ல் போடி வரையிலும் திறக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் தோட்டத்திலிருந்து சந்தைக்குச் செல்லும் காயும் கனியும் இன்றளவும் லாரியையே நம்பியிருக்கின்றன. அந்த லாரிகளுள் பல, கைமாறி வந்த பழைய வண்டிகள். கடன்பட்டு ஒரே ஒரு வண்டியை வாங்கிப் பிழைப்பவருக்கு முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. சில நாட்களில் கிளீனரும் அவரே.

இத்தகைய ஒருவருடைய வண்டியின் புகைக்குழாயிலே பொருத்தப்பட்டுள்ள ஒரு தகரப் பெட்டியைப் பற்றி இன்று எழுதப் புகுகிறோம். ‘கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்’ என்பது அதன் பெயர். ஒர்க்‌ஷாப்புகளில் ‘கன்வெர்ட்டர்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். அது கெட்டுப்போனால் மாற்றுவதற்கு ஆகும் செலவு, நாட்டு விவகாரங்களைப் பேசும் இப்பத்தியில் இடம் பெறத் தக்கதோ என்று சிலர் ஐயுறலாம். தக்கதே என்பது நமது உறுதியான அபிப்பிராயம். பொது ஜனங்களின் நன்மைக்காக ஏற்பட்ட ஒரு செலவை, தாங்கச் சக்தியற்ற தனி மனிதர் தலையில் சர்க்கார் சுமத்தி விட்டு, அவர் தாங்காமற் போனால் தண்டிக்கவும் முற்படுவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அகப்படுவது அரிது.

கருவியின் தத்துவம் எளியதே. தேன்கூட்டைப் போன்று நுண்ணிய துவாரங்கள் நிறைந்த ஒரு பீங்கான் கட்டியின்மீது பிளாட்டினம், பல்லேடியம் முதலிய அரிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். எஞ்சினிலிருந்து வெளிப்படும் சூடான புகை அத்துவாரங்களின் வழியே செல்லும்போது, அதிலுள்ள நச்சு வாயுக்களும் எரியாத எண்ணெய் ஆவியும் உலோகத்தின் முன்னிலையில் எரிந்து தீங்கு குறைந்த பொருள்களாகின்றன. உலோகம் தான் செலவாவதில்லை. கலியாணத் தரகரைப் போல இரு திறத்தாரையும் சேர்த்து வைத்துவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கும். அப்படியானால் கன்வெர்ட்டர் கெடுவானேன்? டீசலிலுள்ள கந்தகம் உலோகத்தின்மேல் படிந்து அதன் சக்தியை அழிக்கிறது. தேய்ந்த எஞ்சின் குடிக்கும் ஆயிலின் சாம்பல் துவாரங்களை அடைக்கிறது. இன்ஜெக்டர் பழுதாகி அளவுக்கு மீறித் தெளிக்கும் எண்ணெய், புகைக்குழாயில் எரிந்து கட்டியை உருக்கி விடுகிறது. குண்டும் குழியுமான பாதையின் அதிர்ச்சி அதைப் பிளக்கிறது. ஆகவே கன்வெர்ட்டரின் மரணம் பெரும்பாலும் அதன் சொந்த நோயால் விளைவதன்று. எஞ்சினுடைய நோயால் விளைவது. எஞ்சினைச் சீர் செய்யாமல் புதிய கன்வெர்ட்டரைப் பூட்டுவது, ஓட்டைப் பானையில் பாலூற்றுவதேயாகும்.

இக்கருவி நம் தேசத்துக்குக் கோர்ட்டு வாசல் வழியாக வந்தது. ஸ்ரீ எம். சி. மேத்தா தொடுத்த பொது நல வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவுகளின் பயனாக, 1995 ஏப்ரல் முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டரும், அதற்கு இன்றியமையாத ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தன. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் ஒழிந்தது. டீசல் லாரிகளின் முறை பிறகே வந்தது. 2010-ல் நாடெங்கும் ‘பாரத் ஸ்டேஜ் 3’ விதி. 2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் 4-ஆம் படி. இடையிலுள்ள 5-ஐத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் 6-ஆம் படி. டீசலிலுள்ள கந்தகத்தின் அளவும் பத்து லட்சம் பங்குக்கு 350 என்பதிலிருந்து 50-ஆகவும், பின்னர் 10-ஆகவும் குறைக்கப்பட்டது. இவை யாவும் நல்ல காரியங்களே. பழைய சரக்கை விற்றுத் தீர்க்க அவகாசம் கேட்ட தயாரிப்பாளர்களுக்கு 2017 மார்ச்சு 29-ல் சுப்ரீம் கோர்ட்டு இடங்கொடாமல் நின்றதை நாமும் மனமாரப் பாராட்டுகிறோம்.

நிற்க. இவ்விதிகளின் விளைவாக இன்று சாலையில் மூன்று ஜாதி லாரிகள் ஓடுகின்றன. 2017-க்கு முற்பட்ட மூன்றாம் படி லாரிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கன்வெர்ட்டரே கிடையாது. அவை கரும்புகையைக் கக்கிக்கொண்டு போகலாம். இல்லாத கருவியை மாற்றும் செலவு அவற்றுக்கில்லை. 2020-க்குப் பிற்பட்ட ஆறாம் படி லாரிகள், வசதியுள்ளோர் வாங்கியவை. புதிதாயிருந்த வரையில் கம்பெனியின் உத்தரவாதம் அவற்றைக் காத்தது. இவ்விரண்டுக்கும் நடுவே 2017-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட நாலாம் படி லாரிகள் இருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றில் ஏதேனும் ஒரு வகைக் கன்வெர்ட்டர் உண்டு. சிலவற்றில் யூரியாக் கரைசலைத் தெளித்துப் புகையைச் சுத்தி செய்யும் ஏற்பாடும் உண்டு. இவை இன்று ஏறக்குறைய ஆறு முதல் ஒன்பது வயதடைந்து, முதல் முதலாளியின் கையை விட்டு இரண்டாம் மூன்றாம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டன. உத்தரவாதம் போயிற்று, கன்வெர்ட்டரின் ஆயுளும் முடிகிற தறுவாயிலிருக்கிறது. அதிகப் புகை விடுகிறவனுக்குச் செலவில்லை. குறைந்த புகையுள்ள வண்டியைத் தேடி வாங்கியவனுக்கே அபராதம்! பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தது இதற்காகவே போலும்.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர், ஒர்க்‌ஷாப்புக்கு ஒர்க்‌ஷாப் வேறுபடும். வேறுபடுவதே முதற் குற்றம். நாலாம் படி லாரிக்குப் பல பத்தாயிரங்கள். ஆறாம் படியின் முழுத் தொகுதியாயின் லட்சக்கணக்கு. அத்துடன் முடிந்ததா? கன்வெர்ட்டர் முன்னும் பின்னும் உள்ள சென்ஸார்கள், இன்ஜெக்டர் செப்பனிடும் கூலி, டர்போவில் ஆயில் கசிந்தால் அதற்கொரு தொகை, உதிரிப் பாகம் மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து சேரும் வரையில் வண்டி நிற்கும் நாட்களின் வாடகை நஷ்டம், நின்றாலும் நில்லாத கடன் தவணை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயே ஒரு பணமாயிருக்க, சுமைகூலி இன்னொரு பணமாகிறது.

இதன்மேல் வரி வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கு ஒரே சீராக நூற்றுக்கு 18 என்று சரக்கு சேவை வரி நிர்ணயமாயிற்று. லட்ச ரூபாய்க் கருவிக்குப் பதினெட்டாயிரம் சர்க்காருக்கு. பெரிய கம்பெனிகள் இவ்வரியைத் தம் கணக்கில் கழித்துக்கொள்ள வழியுண்டு. வரிப் பதிவில்லாத ஒற்றை லாரிக்காரருக்கு அந்த வழியும் இல்லை. காற்றைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று கட்டளையிடுகிற சர்க்கார், அக்கட்டளைக்குக் கீழ்ப்படியும் செலவிலும் பங்கு பெறுகிறதே, இதை என்னென்று சொல்வது?

விலையின் மூலமோ நம் கையிலில்லை. உலகத்தில் எடுக்கப்படும் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வருவது. பல்லேடியத்தில் ருஷ்யாவின் பங்கு மிகப் பெரிது. 2022 மார்ச்சில் உக்ரெய்ன் யுத்தம் மூண்டவுடன் பல்லேடியத்தின் விலை அவுன்சுக்கு 3,000 டாலரைத் தாண்டியது. பெட்ரோல் வண்டிகளின் கன்வெர்ட்டருக்கு வேண்டிய ரோடியமோ 2021-ல் அவுன்சுக்கு 29,000 டாலர் வரை ஏறி, பிறகு சரிந்தது. பிளாட்டினம் 2025-ல் மறுபடியும் ஏறியது. எங்கோ நடக்கும் யுத்தத்துக்கும் தேவதானப்பட்டியில் நிற்கும் லாரிக்கும் இவ்வளவு நெருங்கிய பந்துத்துவம் ஏற்பட்டிருக்கிறது.

இந்நிலையில் லாரிக்காரர் என்ன செய்கிறார்? மலையேறும்போது எஞ்சின் இழுக்கவில்லை. அடைபட்ட கன்வெர்ட்டர் புகையை மறித்து நிற்கிறது. கட்டியை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியை மறுபடி பற்றவைத்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள். சில நூறு ரூபாயிலோ சில ஆயிரத்திலோ காரியம் முடிகிறது. வண்டியும் முன்னைவிட நன்றாக இழுக்கிறது. இது சட்ட விரோதம் என்பதில் ஐயமில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். புகை விதியை மீறினால் 190-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும், லைசென்ஸ் இழப்பும் உண்டு.

சட்டப் புஸ்தகத்தில் இவ்வளவு கோபமாகப் பேசும் சர்க்கார், சோதனைச் சாவடியில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். புகைச் சான்று கொடுக்கும் நிலையத்தில் டீசல் வண்டிக்கு நடக்கும் சோதனை, நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி, வெளிவரும் புகை எவ்வளவு கறுப்பு என்று ஒளியைச் செலுத்திப் பார்ப்பதே. கண்ணுக்குப் புலப்படாத நச்சு வாயுக்களைக் குறைப்பதே கன்வெர்ட்டரின் முக்கிய வேலை. சோதனையோ கண்ணுக்குப் புலப்படும் கறுப்பை அளப்பது! கட்டியைக் கழற்றி எறிந்த வண்டியும், இன்ஜெக்டர் ஒழுங்காயிருந்தால், இச்சோதனையில் தேறிவிடலாம். நாணயமாகப் புதிய கன்வெர்ட்டர் வாங்கிப் பூட்டியவருக்கு, பூட்டாதவரைவிட ஓர் இம்மியளவு லாபமும் இல்லை. நாணயமுள்ளவன் முட்டாளாகிற விதியை மக்கள் மதிக்க மாட்டார்கள்; மதிக்கச் சொல்லவும் நமக்கு வாய் வராது.

இவ்வாறு எழுதுவதால் புகைக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012 ஜூனில் ஐயத்துக்கிடமின்றி அறிவித்து விட்டது. போடிமெட்டு ஏற்றத்திலும், குமுளி மலைப்பாதையிலும், காட்ரோட்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வளைவுகளிலும் பாரத்தோடு முக்கி முனகி ஏறும் லாரியின் பின்னே, வண்டிக்குள் அடைபட்டிருக்கும் பஸ் பிரயாணிகளும், சாலையோரத்தில் பலா, பேரிக்காய் விற்கும் பெண்களும், டீக்கடைக்காரர்களும் எதைச் சுவாசிக்கிறார்கள்? முதலாவதாகவும் மிக அதிகமாகவும் சுவாசிப்பவர் அந்த டிரைவரே. கொடைக்கானலுக்கு ஏறும் வண்டிகளை எண்ணுவதற்கு சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. வண்டியின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலை கொண்டது நல்லதே. வண்டி விடும் புகையையும் ஒருவர் எண்ணினால் நலம்.

ஆகவே கன்வெர்ட்டர் வேண்டும். வேலை செய்கிற கன்வெர்ட்டர் வேண்டும். அதற்குப் பணம் எங்கிருந்து வருவது என்பதே பிரச்னை. நமது விடை: பணத்தில் ஒரு பகுதி அந்தப் பழைய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

முன்னே சொன்னோம், உலோகம் செலவாவதில்லையென்று. உயிர்போன கன்வெர்ட்டரிலும் பிளாட்டினத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. இதை அறிந்தவர்கள் அறிந்தே இருக்கிறார்கள். சில ஆண்டுகளாக குஜராத்திலும் பம்பாயிலும் இன்னும் பல நகரங்களிலும் ‘ஈகோ’ என்னும் சிறு வண்டிகளின் சைலன்ஸர்களைத் திருடர்கள் இரவோடிரவாக அறுத்துக்கொண்டு போனது எதற்காக? உள்ளேயிருக்கும் அந்தப் பொடிக்காக. திருடனுக்குத் தெரிந்த விலை சொந்தக்காரருக்குத் தெரியவில்லை. லாரிக்காரர் கன்வெர்ட்டரை மாற்றும்போது பழையது ஒர்க்‌ஷாப்பின் மூலையில் கிடந்து, பழைய இரும்புக் கடைக்காரர் சொன்ன விலைக்குப் போய்விடுகிறது. யாரும் நிறுத்துக் காட்டுவதில்லை, ரசீதும் கிடையாது. யூரியா முறையிலுள்ள கட்டிகள் சிலவற்றில் அரிய உலோகம் இல்லை என்பதும் உண்மை. எதில் உண்டு, எதில் இல்லை என்பதையாவது சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டாமா?

மத்திய சர்க்காருக்கும் இவ்விஷயம் தெரியாததல்ல. 2023-ல் வெளியான இன்றியமையாத தாதுக்களின் பட்டியலில் பிளாட்டின வகை உலோகங்கள் இடம் பெற்றன. 2025 செப்டம்பர் 3-ல் மந்திரி சபை, இத்தகைய தாதுக்களைக் கழிவிலிருந்து மீட்கும் தொழிலுக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அளிக்கும் திட்டத்தை அங்கீகரித்தது. ஆயுள் முடிந்த வண்டிகளின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் அத்திட்டத்தில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நன்று! உருக்கி எடுக்கும் ஆலைக்காரருக்கு ஆயிரத்து ஐந்நூறு கோடி. அந்த உலோகத்துக்கு முதலில் விலை கொடுத்து வாங்கி, வருஷக் கணக்கில் கருவியைச் சுமந்து திரிந்து, கடைசியில் கொண்டுவந்து ஒப்படைக்கும் லாரிக்காரருக்கு? அவர் பெயர் திட்டத்தில் இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த ஆயுள் முடிந்த வாகன விதிகளும், தயாரிப்பாளரின் பொறுப்பை மீட்கப்பட்ட இரும்பின் எடையைக் கொண்டே அளக்கின்றன. இரும்பை நிறுப்பதற்குத் தராசு எடுத்தவர்கள், பிளாட்டினத்தை நிறுப்பதற்கு ஏன் எடுக்கவில்லை?

நம் ஜில்லாக்களின் பூமியிலும் இவ்வுலோகம் இல்லாமலில்லை. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் ஜில்லாவில், சித்தம்பூண்டிப் பாறைகளில் பிளாட்டின வகை உலோகங்கள் இருப்பதைப் புவியியல் ஆராய்ச்சித் துறையினர் கண்டிருக்கிறார்கள். சந்திரனில் இறங்கும் கலத்தைச் சோதிப்பதற்கு, சந்திர மண்ணைப் போன்ற மண்ணுக்காகவும் அவ்வூர்ப் பாறையையே தேடிப் போனார்கள்! சந்திரனுக்கு உதவிய சித்தம்பூண்டி நாமக்கல் லாரிக்கு உதவும் காலம் வருமா என்பதைச் சோதிடர்களுக்கு விட்டுவிடுவோம். பாறையை வெட்டி உலோகம் எடுப்பது நீண்ட நாள் காரியம், பெருஞ் செலவுடையது, அவ்வூர் வயல்களுக்கும் கிணறுகளுக்கும் கேடு விளையக் கூடியதும்கூட. பழைய பெட்டியிலிருக்கும் உலோகமோ, தோண்டியெடுத்துச் சுத்தி செய்து கைக்கு வந்துவிட்ட உலோகம்.

எனவே நாம் கேட்பது பிச்சையன்று. கன்வெர்ட்டர் விற்கும் ஒவ்வொருவரும் பழையதைத் திரும்பப் பெற்று, அதிலுள்ள உலோகத்தின் அன்றைய விலைக்கு ஈடான தொகையைப் புதியதன் விலையில் கழித்து, ரசீதில் எழுதிக் கொடுக்கவேண்டுமென்று சட்டம் செய்க. பேட்டரி வாங்கும்போது பழைய பேட்டரிக்கு விலை கழிப்பது நம் கடைகளில் நெடுநாள் வழக்கம். கன்வெர்ட்டருக்கு மட்டும் அது ஏன் கூடாது? ஒவ்வொரு மாதிரி லாரிக்கும் கன்வெர்ட்டரின் விலையையும், அதிலுள்ள உலோகத்தின் எடையையும் தயாரிப்பாளர் பகிரங்கமாக அச்சிடட்டும். அமெரிக்காவில் கார்களுக்கும் சிறு லாரிகளுக்கும் கன்வெர்ட்டரைப் பற்றி எட்டு வருஷம் அல்லது 80,000 மைல் வரை தயாரிப்பாளர் உத்தரவாதம் கொடுக்க வேண்டுமென்று சட்டமே விதிக்கிறது. பணக்கார தேசத்துக் கார்க்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பை, வண்டி கைமாறினாலும் தொடரும்படியாக நம் லாரிக்காரருக்கும் சர்க்கார் பெற்றுத் தரவேண்டும். மாற்றுக் கன்வெர்ட்டருக்கு விதிக்கும் 18 சதவிகித வரியை அடியோடு நீக்குவதால் கஜானா காலியாகிவிடாது. தரம் பார்த்து முத்திரையிட்ட உள்நாட்டுக் கன்வெர்ட்டர்கள் தேனியிலேயே கிடைக்கும்படி செய்தால், வண்டி நிற்கும் நாட்களும் குறையும். இவ்வளவும் செய்தபின், கருவியின் இருப்பையும் வேலையையும் உண்மையாகச் சோதித்து, வெறும் பெட்டியோடு வருபவரைத் தண்டியுங்கள். அப்போது அதிகாரிகளுக்கு எதிராக நாம் ஒரு வார்த்தையும் எழுதமாட்டோம்.

பழைய வண்டிகளை உடைத்தெறிந்துவிட்டுப் புதியவை வாங்கினால் தொல்லையே இல்லையென்று சில மேதாவிகள் சொல்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அதற்கென்று ஒரு கொள்கையும் வந்தது. பதினைந்து வயது கடந்த கனரக வண்டிக்குத் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாயாக உயர்த்தியதும் அந்நோக்கத்தோடுதான்; 2025-ல் அக்கட்டணங்கள் மறுபடியும் உயர்ந்தன. கட்டணத்தை உயர்த்தினால் புது லாரி வாங்கப் பணம் முளைக்குமா? ஆறாம் படி லாரியின் கன்வெர்ட்டர் தொகுதி நாலாம் படியினுடையதைவிடப் பன்மடங்கு விலையுள்ளது. இன்று புதிதாயிருக்கும் அவ்வண்டிகள் நாளை கைமாறி இதே சாலைக்கு இதே போன்ற மனிதரிடம் வந்து சேரும். 2020-ல் விற்ற முதல் வண்டிகள் அந்த நிலைக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கின்றன. இன்று நாலாம் படி லாரிக்கு வழி காணாதவர்கள், அன்று லட்சக்கணக்கான ஆறாம் படி லாரிகளின் வெறும் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்க நேரிடும்.

பெரியகுளம் தொகுதியின் சட்டசபை அங்கத்தினரும், தேனியின் பார்லிமெண்டு அங்கத்தினரும் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயிருப்பினும் இக்கேள்வியைச் சபையில் எழுப்பலாம்: மாற்றப்பட்ட கன்வெர்ட்டர்கள் இச்சாலையிலிருந்து எங்கே போகின்றன, அவற்றின் விலை யாருடைய பையில் சேர்கிறது? லாரிச் சொந்தக்காரர் சங்கங்கள் இதற்கிடையில், சட்டம் வரும் வரையில் காத்திராமல், தம் அங்கத்தினர் கழற்றும் கன்வெர்ட்டர்களை ஓரிடத்தில் திரட்டி, எடை போட்டு, அனுமதி பெற்ற மீட்பு ஆலைகளிடம் நேரே விலை பேசத் தொடங்கலாம். மாங்காய் வரத்து சித்திரையில் தொடங்கி விடும். லாரிகள் ஒர்க்‌ஷாப்பில் நிற்பது அதற்கு முந்திய மாதங்களில்தான்.